மூன்று வருடம், ஒரே கியர்: திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணம் வரை

இந்த ஒரே கியர் சைக்கிளை மூன்று வருடம் ஓட்டியாகிவிட்டது. சுமார் 12,000 கிலோமீட்டர் இருக்கும். வாங்கிய முதல் மாதமே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அநேகமாகத் தப்பாக.

வீடு திருவிடைமருதூர், வேலை கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில். போக 9, வர 9, வழியில் திருபுவனம். மேடு என்று எங்கள் பக்கம் சொன்னால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றம், இல்லாவிட்டால் ரயில்வே மேம்பாலம், அவ்வளவுதான். இந்தத் தட்டையான ஊரில் 21 கியர் வண்டி வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டியவன் நான், அதில் மூன்று கியருக்கு மேல் தொட்டதில்லை, ஆனால் டிரெய்லியர் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் கருவி) வளைந்தது, கேபிள் துருப்பிடித்தது, மழைக்காலம் முடிந்தால் கியர் தானாக மாறியது என்று செலவு மட்டும் 21 கியருக்கும் சேர்த்து வந்தது. அதனால்தான் சிங்கிள் ஸ்பீடு, அதாவது ஒரே கியர் வண்டி பக்கம் போனேன்.

வாங்கியது 17,000 ரூபாய்க்கு, சென்னையில். பின் சக்கரத்து ஹப்பில் இரண்டு பக்கமும் பல்சக்கரம் மாட்டலாம்: ஒரு பக்கம் ஃப்ரீவீல், மறுபக்கம் ஃபிக்ஸட். ஃப்ரீவீல் என்றால் நம் எல்லா சைக்கிளும் போல, மிதிப்பதை நிறுத்தினால் வண்டி பாட்டுக்கு உருளும். ஃபிக்ஸட் என்றால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், கால் சும்மா இருக்க முடியாது, பின்னால் அழுத்தினால் வேகம் குறையும். எந்தப் பக்கம் வேண்டுமோ சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். இது ஏதோ புதுசு இல்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937-ல்தான் டிரெய்லியருக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை மலை வந்தால் வீரர்கள் இறங்கி, சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள்.

எனக்கு ஆசை ஃபிக்ஸட் மேல்தான். வீடியோ பார்த்துக் கெட்டுப்போனது. ஏழு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

முதல் வாரமே விழுந்தேன். பெயிண்ட் அடிக்காத வேகத்தடை ஒன்று, பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன், பெடல் நிற்குமா, என்னைத் தூக்கி ஹேண்டில்பார் மேல் போட்டது. நம் ஊர் வேகத்தடைகளைக் கடக்க எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பெடலைச் சமமாக வைத்து, உடம்பைத் தளர்த்தி, உருண்டு போவது. ஃபிக்ஸடில் அது கிடையாது, காலும் தடையும் எந்த இடத்தில் சந்திக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். திருப்பத்தில் உள்பக்கம் சாய்ந்தால் கீழே போகிற பெடல் தரையில் உரசும். சாலையில் குறுக்கே வரும் ஆட்டுக்குட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

இரண்டாவது, வேட்டி. சிரிக்காதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் வேட்டிதான். சாதா சைக்கிளில் துணி செயினில் மாட்டினால் காலை நிறுத்திவிட்டுப் பின்னால் ஒரு சுற்று சுற்றினால் வந்துவிடும். ஃபிக்ஸடில் வண்டி நிற்கும்வரை செயின் துணியை இழுத்துக்கொண்டே போகும். திருபுவனம் கடைத்தெருவில் ஒரு நாள் நான் பட்ட பாட்டை விவரிக்க விருப்பமில்லை. ஆனால் இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது: வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரம் சுற்றும்போது செயினைத் துடைக்காதீர்கள், விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே போனால் ஃபிக்ஸட் சக்கரம் பாதியில் நிற்காது, விரல் துண்டாகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது இன்னும் பெரிய விஷயம்.

மூன்றாவது தப்பு வண்டியைப் பொருத்திக் கொடுத்தவர்கள் செய்தது. ஃபிக்ஸட் பல்சக்கரத்தைப் பிடித்து வைக்க லாக்ரிங் என்று ஒரு வளையம் உண்டு, அதன் மரை தலைகீழாக, இடப்பக்கம் திருகி இறுக்குவது. பின்னால் அழுத்தும்போது பல்சக்கரம் கழலாமல் காப்பது அதுதான். எனக்கு அதைக் கையால் திருகிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பாலத்து இறக்கத்தில் காலால் வேகத்தைப் பிடித்தபோது பல்சக்கரம் கழன்று காலுக்குக் கீழே எல்லாம் தளர்ந்துபோனது. முன் பிரேக் இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன். பிரேக் இல்லாத ஃபிக்ஸட்தான் அழகு என்று சொல்பவர்கள் உண்டு. ஜப்பானில் கெய்ரின் பந்தயத்தில் 1948 முதல் பிரேக் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் அங்கே ஓட்டுவது வேலி போட்ட ஓடுபாதையில். பிரிட்டனில் ஃபிக்ஸட் சக்கரத்தையே ஒரு பிரேக்காகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் முன் பிரேக் ஒன்றும் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். நம் தெருவில் இரண்டு பிரேக் வேண்டும், எந்த வண்டியாக இருந்தாலும்.

நல்லதும் இருந்தது, மறைக்கவில்லை. தேர் நாளில் கூட்டத்துக்குள் நடை வேகத்தில் போக ஃபிக்ஸட் மாதிரி எதுவும் இல்லை, வண்டி காலோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மழையில் டயர் வழுக்கப் போவது காலுக்கு முன்னமே தெரியும். மிதிப்பதில் ஒரு சீர் வந்தது, அது இன்னும் போகவில்லை. ஆனால் மூட்டு வலிக்க ஆரம்பித்தது, எட்டாவது மாதம் சக்கரத்தைத் திருப்பி ஃப்ரீவீல் பக்கம் மாட்டினேன். அப்புறம் திருப்பவே இல்லை.

சரி, இப்போது நிஜமான விஷயத்துக்கு வருகிறேன். வாங்கும்போது எல்லோரும் நிறம், பிராண்டு, எடை பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல். ஒரே ஒரு கியர், அதையும் தப்பாக எடுத்தால் தினமும் அனுபவிக்க வேண்டும். என் வண்டியில் வந்தது முன்னால் 46, பின்னால் 16. பெடல் ஒரு சுற்றுக்கு 6 மீட்டருக்குச் சற்று மேல் போகும். தை, மாசியில் பிரமாதம். ஆனி பிறந்ததும் மேல்காற்று ஆரம்பித்தது. நான் காலையில் போவது மேற்கே. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், எனக்கு வண்டி பின்னால் போகாமல் இருந்ததே பெரிது. மலை இல்லாத ஊர் என்று நினைத்திருந்தேன், எங்கள் மலை காற்றுதான், அதுவும் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு.

கடைத்தெரு சைக்கிள் கடை அண்ணனிடம் போய் நின்றேன். மிதித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, பந்தயத்துக்கா போறீங்க? பின்னால ரெண்டு பல்லு கூட்டிப் போடுங்க."

"செயின் பத்துமாண்ணே?"

"அச்சை முன்னால தள்ளிக்கலாம், வாங்க."

அவ்வளவுதான். 18 பல் ஃப்ரீவீல் போட்டார், அச்சு அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால் நகர்ந்தது, பழைய செயினே போதுமானது. இதற்காகத்தான் பின் அச்சு உட்காரும் இடம் நீளவாட்டில் திறந்திருக்கும் ஃபிரேமாகப் பாருங்கள் என்கிறேன், செயின் தொய்ந்தாலும் அங்கேதான் இழுத்துக்கட்ட வேண்டும். இப்போது பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 23 கி.மீ., ஆடிக் காற்றில் 14, 15 வரும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. போன பொங்கலுக்குக் கொல்லையில் கிடந்த அப்பாவின் பழைய வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கம்பி பிரேக், 28 அங்குல சக்கரம், நாங்கள் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய அதே வண்டி. சும்மா பல்லை எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18. அந்தப் பெரிய சக்கரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அதே ஐந்தரை மீட்டர். அப்பா அதில் இரண்டு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு இதே காற்றில் போனவர். நான் 17,000 ரூபாயும் ஒரு மூட்டு வலியும் செலவழித்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

அப்படியானால் அந்தப் பழைய வண்டியையே எடுத்திருக்கலாமே என்று கேட்டால், எடை. என்னுடையது பாதி எடை இருந்தாலே அதிகம், அச்சக மாடிப்படியில் தோளில் தூக்கிப் போகிறேன். பழையதில் அது முடியாது.

பராமரிப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் இதன் பெருமை. அகலச் செயின், பழைய சைக்கிள்களுக்குப் போடும் அதே அளவு, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். மூன்று வருடத்தில் இரண்டு மாற்றினேன். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவை எண்ணெய். சம்பா அறுப்பு சமயத்தில் சாலையோரம் நெல் காயப்போடுவார்கள், வைக்கோல் சிதறிக் கிடக்கும், அது பின் ஹப்பில் நூல் மாதிரி சுற்றிக்கொள்ளும், வீட்டுக்கு வந்ததும் பிய்த்துப் போடாவிட்டால் ஈரத்தோடு உள்ளேயே ஊறிப்போகும். களிமண் பாதையில் இறங்கினால் மட்கார்டுக்குள் மண் அப்பிச் சக்கரமே நின்றுவிடும், இடைவெளி அதிகம் உள்ள ஃபிரேம் எடுங்கள். டயர், வந்த 28 மி.மீ. அகலத்தைக் கழற்றி 32 போட்டேன். கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆனது, எங்கள் அச்சகத்துச் சந்தின் பள்ளங்களுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பஞ்சர்தான் தொல்லை. சீமைக்கருவேல முள்ளுக்கு டயர் அகலமெல்லாம் பொருட்டில்லை. என் டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு, ஊர் பஞ்சர் கடை பம்பு அதில் உட்காராது, இருட்டில் நின்று இதைக் கற்றுக்கொண்டேன். சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று, பின் நட்டுக்கு 15 சைஸ் ஸ்பேனர் ஒன்று, இரண்டும் எப்போதும் பையில் கிடக்கட்டும்.

கழற்றிய ஃபிக்ஸட் பல்சக்கரம் அச்சகத்தில் என் மேஜை மேல் புரூஃப் தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஆடியில் அதற்கு நல்ல வேலை. கும்பகோணம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், லாக்ரிங்கை மட்டும் ஸ்பேனர் வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள், இடப்பக்கமாக.