ஊருக்குள் பார்சல்: பைக் ஆப்பா, ஸ்பீடு போஸ்ட்டா?

சென்னைக்குள்ளேயே ஒரு பொருளை அனுப்ப ஊபர், போர்ட்டர் மாதிரி ஆப்பில் பைக்கைக் கூப்பிடுவதா, அஞ்சலகம் போவதா என்று பலரும் கேட்கிறார்கள்.

வேகம்: பைக் வாசலுக்கே வரும், அன்றே சேரும். ஸ்பீடு போஸ்ட்டுக்கு ஒரு நாளாவது வேண்டும்.

செலவு: பைக்குக்குத் தூரம்தான் முக்கியக் கணக்கு, மழையிலும் நெரிசலிலும் கட்டணம் ஏறலாம். தபாலில் எடையும் தூரமும்தான். மழையானாலும் அதே கட்டணம்.

நம்பிக்கை: இங்கேதான் நிதானம் தேவை. பைக்கில் வருபவர் பெரும்பாலும் நிறுவன ஊழியர் அல்ல. சொந்த வண்டியில், சொந்தப் பெட்ரோலில் ஓடுபவர். வரைபடத்தில் அவர் போகும் வழி தெரியும், ஆனால் பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆப்பின் விதிமுறையில் முன்பே பாருங்கள். பார்சலை ஒட்டிக் கட்டி, அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். அவரைக் காக்க வைக்காதீர்கள், அந்த நேரத்துக்கு அவருக்குச் சரியான கூலி இல்லை. தபாலில் ரசீது, கண்காணிப்பு எண், வேண்டுமானால் காப்பீடும் உண்டு.

வீட்டுச் சாவி, மறந்த சார்ஜர், சாப்பாட்டுக் கேரியர் என்றால் பைக். சான்றிதழ், வீட்டுப் பத்திரம் என்றால் யோசிக்காமல் ஸ்பீடு போஸ்ட்.