பெரிய பழைய வீட்டுக்குப் புது பாய்லர்: காம்பியா, சிலிண்டரா, இரட்டை பாய்லரா?

வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும் கேஸ் பாய்லர் வாங்கப் போனால், வேலியன்ட் நல்லதா, வூஸ்டர் பாஷ் நல்லதா, வீஸ்மன் நல்லதா என்று கம்பெனிப் பெயரைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் இருப்பது தென் லண்டனில் குரோய்டன் பக்கம், விக்டோரியா காலத்து வீடு. நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலும் கீழுமாகத் தள்ளித் திறக்கும் சாஷ் ஜன்னல், அறைக்கு அறை புகைபோக்கி. பழைய பாய்லரை மாற்றலாம் என்று ஆட்களை வரவழைத்தால் ஒருவர் தொட்டியே இல்லாத காம்பி பாய்லர் போதும் என்கிறார், இன்னொருவர் வெந்நீரைச் சேமித்து வைக்கும் சிலிண்டர் வேண்டும் என்கிறார், அடுத்தவர் இரண்டு பாய்லர் இல்லாமல் இந்த வீடு சூடாகாது என்று அடித்துச் சொல்கிறார். வந்தவர்களில் பெரும்பாலோர் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரை எண்ணினார்களே தவிர, வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் எந்த பாய்லரையும் ஒப்பிடவே முடியாது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 250 சதுர மீட்டர், அதாவது சுமார் 2,700 சதுர அடி வீடு. தரையிலிருந்து உட்கூரை வரை 3 மீட்டர். உள்ளே இருக்கும் காற்று 750 கன மீட்டர். இடுக்குகள் வழியாக மணிக்கு ஒன்றரை தடவை அந்தக் காற்று முழுவதும் மாறுகிறது என்று வையுங்கள், பழைய வீட்டில் இது சர்வ சாதாரணம். வெளியே மைனஸ் 2 டிகிரி, உள்ளே 21, வித்தியாசம் 23. 750, ஒன்றரை, 23 இந்த மூன்றையும் பெருக்கி 0.33-ஆல் பெருக்கினால் எட்டரை கிலோவாட் வருகிறது. சுவர், ஜன்னல், தரை, கூரை எல்லாம் சேர்த்து இன்னொரு 12 கிலோவாட் சுற்றி வரும். ஆக மொத்தம் 20, 21. இவ்வளவு பெரிய வீட்டுக்கு, அதுவும் வருடத்தின் மிகக் குளிரான இரவில், தேவை அவ்வளவுதான். 40 கிலோவாட் பாய்லரை விலை சொல்கிறவரிடம் அந்த 40 எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

காற்று மாறுவதைப் பாதியாகக் குறைத்தால் அந்த எட்டரை, நாலேகால் ஆகிவிடுகிறது. இதற்கு ஆகும் செலவு பாய்லர் விலையோடு பார்த்தால் கொஞ்சம்தான், அதனால் முதல் வேலை இதுதான். காற்றடிக்கும் ஒரு நாளில் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பலகைத் தரையும் சுவரும் சேரும் இடத்தில், லாஃப்ட் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) கதவின் ஓரத்தில், சாஷ் ஜன்னலின் இரண்டு சட்டமும் நடுவில் சந்திக்கும் இடத்தில், நேராகப் போகிற புகை சட்டென்று படுத்துக்கொண்டு ஒரு பக்கமாக ஓடும். அங்கெல்லாம் பிரஷ் பட்டையோ அடைப்பானோ போடுங்கள். பயன்படுத்தாத புகைபோக்கிக்குள் அதற்கென்றே விற்கிற கம்பளி அடைப்பான் வையுங்கள், ஆனால் கொஞ்சம் காற்று போகிற மாதிரி, இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும். இரண்டு விஷயங்களை மட்டும் தொடவே கூடாது. வெளிச்சுவரின் கீழே, தரைக்கு அடியில் காற்று போக வைத்திருக்கும் துளையுள்ள காற்றுச் செங்கலை அடைத்தால் பலகைத் தரை அடியில் உளுத்துப்போகும். அறைக் காற்றை எடுத்து எரிகிற, திறந்த புகைவழி உள்ள கேஸ் கணப்போ விறகு அடுப்போ இருக்கும் அறையின் காற்றுத் துளையை அடைத்தால் கார்பன் மோனாக்ஸைடு, உயிருக்கே ஆபத்து.

சரி, இப்போது பாய்லர். காம்பி என்பது சிலிண்டரும் தொட்டியும் இல்லாமல், குழாயைத் திறக்கும்போது அந்த நேரத்தில் தண்ணீரைச் சூடாக்கித் தரும் வகை. சின்ன ஃப்ளாட்டுக்கு, ஒரே குளியலறைக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. பெரிய வீட்டில் அதுவே இடிக்கிறது. 35 கிலோவாட் காம்பி, தண்ணீரை 35 டிகிரி சூடேற்ற நிமிடத்துக்கு 14 லிட்டர்தான் தரும். ஜனவரியில் தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் ஆறேழு டிகிரி. அப்படியானால் குளிக்கக் கிடைப்பது 42 டிகிரியில் 14 லிட்டர். மேலே ஒருவர் ஷவரில் நிற்க, கீழே இன்னொருவர் குளிக்கப் போக, சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவினால் மூன்று பேருக்கும் அரைகுறைதான். பாய்லர் சமையலறையிலும் குளியலறை இரண்டாம் மாடியிலும் இருந்தால், சூடு மேலே வந்து சேரும் வரை தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருக்கும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் காம்பிக்குள் இருக்கும் தகட்டு வெப்பமாற்றி அடைத்துக்கொள்வதும் சாதாரணம். அதைவிட முக்கியம், காம்பி நின்றுபோனால் சூடும் போச்சு, வெந்நீரும் போச்சு. சிலிண்டர் இருந்தால் அதிலுள்ள 3 கிலோவாட் மின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பிளம்பர் வரும் வரை சமாளிக்கலாம்.

லாஃப்டில் தொட்டி, அலமாரிக்குள் செம்புச் சிலிண்டர் என்று இருக்கும் பழைய ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு ரெகுலர் பாய்லரை மட்டும் மாற்றுவது இரண்டாவது வழி. வருகிறவர்கள் இதை மதிப்பதே இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிப் போடத்தான் சொல்வார்கள். ஆனால் தரைக்கு அடியில் அறுபது எழுபது வருடத்துக் குழாய் ஓடுகிற வீட்டில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. லாஃப்ட் தொட்டி இல்லாத மூடிய அமைப்புக்கு மாற்றினால் அந்தக் குழாய்களில் ஒன்று, ஒன்றரை பார் அழுத்தம் ஏறும். இத்தனை நாள் கம்மென்று இருந்த இணைப்புகள் கசிய ஆரம்பிக்கலாம். பலகையைப் பெயர்த்துத் தேடுகிற செலவு யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குறை என்றால், மேல்மாடி ஷவரில் தண்ணீர் நூலாக வரும், பம்ப் வைத்தால்தான் சரியாகும்.

மூன்றாவது, சிஸ்டம் பாய்லரும் (லாஃப்ட் தொட்டி இல்லாமல் சிலிண்டரோடு ஓடும் வகை) அன்வென்டட், அதாவது முழுக்க மூடிய சிலிண்டரும். தெருக் குழாயின் அழுத்தத்திலேயே வெந்நீர் வரும், லாஃப்ட் தொட்டி தேவையில்லை, ஐந்தாறு பேருக்கு 250 முதல் 300 லிட்டர் சிலிண்டர் போதும். என்னைக் கேட்டால் இரண்டுக்கு மேல் குளியலறை உள்ள வீட்டுக்கு இதுதான். ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும்: வீட்டுக்குள் வரும் தண்ணீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளக்கச் சொல்லுங்கள், அதுவும் இன்னொரு குழாய் திறந்திருக்கும்போது. 20 லிட்டர் வந்தால் சந்தோஷம், 15-க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும். விக்டோரியா வீடுகள் பலவற்றில் தெருவிலிருந்து வருவது அந்தக் காலத்து ஈயக் குழாய், சில இடங்களில் பக்கத்து வீட்டோடு பங்கு வேறு. அப்படி இருந்தால் முதலில் புதுக் குழாய் இழுக்க வேண்டும், நம் எல்லைக்குள் ஆகும் செலவு நம்முடையது. இந்தச் சிலிண்டரைப் பொருத்த, அதற்கென்றே உள்ள ஜி3 தகுதிச் சான்று வைத்திருப்பவர்தான் வர வேண்டும், வருடா வருடம் சோதிக்கவும் வேண்டும்.

இந்த வகையில் பலர் தவறவிடும் ஒரு விஷயம், வெந்நீர் முன்னுரிமை. வழக்கமான இணைப்பில் ரேடியேட்டருக்கும் சிலிண்டருக்கும் ஒரே சூட்டில், எழுபது சொச்சம் டிகிரியில் தண்ணீர் போகும். சிலிண்டருக்கு அந்தச் சூடு வேண்டும், 60 டிகிரிக்கு ஏறாவிட்டால் கிருமி பயம். ரேடியேட்டருக்கு அது வேண்டாம். கண்டென்சிங் பாய்லர், திரும்பி வரும் தண்ணீர் 54 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலிருக்கும் ஈரத்தைக் குளிர்வித்து அந்தச் சூட்டையும் பிடிக்கும். இல்லாவிட்டால் விளம்பரத்தில் போட்டிருக்கும் 92 சதவீதத் திறன் காகிதத்தோடு சரி. முன்னுரிமை இணைப்பில் சிலிண்டருக்குத் தனியாகக் கொஞ்ச நேரம் அதிகச் சூடு, மற்ற நேரம் ரேடியேட்டருக்கு 50, 55. வெளியே எவ்வளவு குளிர் என்று பார்த்துத் தானே சூட்டை ஏற்றி இறக்கும் உணரியையும் சேர்த்துக்கொண்டால் இந்த மாதிரி வீட்டுக்கு அருமையாகப் பொருந்தும். 55 டிகிரியில் ரேடியேட்டர் தரும் சூடு, கம்பெனி அட்டவணையில் போட்டிருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பழைய பெரிய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் அதைத் தாங்கும்; சின்னதாக இருக்கும் ஒன்றிரண்டை மாற்ற வேண்டி வரும்.

இரண்டு பாய்லர்? ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும் என்பது உண்மையான நன்மை, வீட்டில் வயதான பெரியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் பெரிய நிம்மதி. இன்னொன்று, இதமான நாளில் ஒரு சின்ன பாய்லர் மட்டும் மெல்ல ஓடும். ஒரே 40 கிலோவாட் பாய்லர் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் குறையும் என்றால் 8 கிலோவாட்டுக்குக் கீழே போகாது. ஏப்ரலில் அது போட்டு அணைத்து, போட்டு அணைத்துத் தேய்ந்துபோகும். பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும் மாடல்கள் இப்போது இருக்கின்றன, அதனால் 20 கிலோவாட் தேவைக்கு ஒரு பாய்லரே போதும் என்பது என் கட்சி. தேவை 30-ஐத் தாண்டினால், அல்லது தாத்தா பாட்டிக்குத் தனியாக ஒரு பகுதி இருந்தால், இரண்டு போடலாம். வீடுகளில் இருக்கும் யூ6 கேஸ் மீட்டர் தாங்குவது சுமார் 65 கிலோவாட்தான், கேஸ் அடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். புகைக்குழாயும் இரண்டு, வருட சர்வீஸும் இரண்டு.

வெளியே இருக்கும் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்பை ஒதுக்கிவிட மாட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. ஆனால் ஒரு யூனிட் மின்சாரம், கேஸைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு விலை. ஒரு யூனிட் மின்சாரம் போட்டு மூன்றரை யூனிட் சூடு எடுத்தால்தான் கிட்டத்தட்ட சமம் ஆகும், காற்று புகுந்து விளையாடும் வீட்டில் அது கஷ்டம். 20 கிலோவாட் வேண்டுமென்றால் ஒரே இயந்திரம் போதாமலும் போகலாம். அதனால் இப்போது சிலிண்டர் வாங்கும்போதே உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் சுருள் ஹீட் பம்புக்கு ஏற்றபடி பெரிதாக உள்ளதாக வாங்குங்கள். பாய்லருக்கும் அது நல்லதுதான், பிற்பாடு மாறும்போது சிலிண்டருக்கு மறுபடி காசு போட வேண்டாம்.

பிராண்டுக்கு வந்தால், பெயரை விட எத்தனை கிலோவாட் வரை கீழே இறங்கும், முன்னுரிமை இணைப்பும் வெளி உணரியும் அதே கம்பெனிக் கட்டுப்பாட்டில் வருமா, உங்கள் பகுதியில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த, கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவுள்ள ஆள் இருக்கிறாரா, இந்த மூன்றைப் பாருங்கள். விலை எழுதி வாங்கும்போது பழைய ரேடியேட்டர்களைக் கழுவுவதும், கறுப்புச் சேறு பிடிக்கும் காந்த வடிகட்டியும் சேர்ந்திருக்க வேண்டும். பாய்லரிலிருந்து வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் வீட்டுக்கு வெளியே ஓடினால் 32 மில்லிமீட்டரில், மேலே உறை போட்டு வைக்கச் சொல்லுங்கள். மெல்லிய குழாய் உறைந்துபோய், கடுங்குளிர் காலையில்தான் பாய்லர் நிற்கும்.