எடைச் சீட்டும் இன்க்ரானும்: நாலு மாங்காய் சீசன் அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். தோத்தாபுரி வரத்து தொடங்கிவிட்டால் கேட்டில் டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டும். எடைமேடையில் இருப்பது விண்டோஸ். வண்டிக்கு ஒரு பிடிஎஃப் சீட்டு. அதைத் திறந்து, அச்செடுத்து, தேதிவாரியாகச் சேமிக்க ராத்திரியிலும் ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். அந்த வேலையை டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றிடம் ஒப்படைத்து நாலு சீசன் ஆகிறது.

பயன்படுத்துவது இன்க்ரான். குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் கடிகாரத்தைப் பார்க்கும், இது கோப்புறையைப் பார்க்கும். எந்தக் கோப்புறை, அங்கே என்ன நடந்தால், எந்தக் கட்டளை என்று ஒரே வரி எழுதினால் போதும். அதற்குச் சேதி சொல்வது லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கும் ஐநோட்டிஃபை என்ற வசதி, 2005-ல் 2.6.13 பதிப்பில் வந்தது. சும்மா இருக்கும்போது பெட்டிக்குச் சுமையே தெரியாது.

ஆனால் முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. விண்டோஸில் பகிர்ந்த கோப்புறையை லினக்ஸில் மவுண்ட் செய்து, அதாவது இங்குள்ள கோப்புறைபோல இணைத்து, கண்காணித்தேன். எழுதுவது வேறு கம்ப்யூட்டர். இங்குள்ள கெர்னலுக்கு அது எப்படித் தெரியும்? லினக்ஸ் பெட்டியிலேயே, கோப்புறையை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பாவைப் போட்டு, எடைமேடையை இங்கே எழுத வைத்த பிறகுதான் உயிர் வந்தது.

அடுத்தது என் அவசரம். 'கோப்பு உருவானால்' என்ற நிகழ்வைப் போட்டிருந்தேன். உருவான நொடியில் கோப்பு காலி. அச்சில் வெற்றுத் தாள். எழுதி மூடியபின் வரும் குளோஸ்-ரைட் தான் சரி. அதிலும் ஒரு மென்பொருள் கோப்பை இரண்டு முறை திறந்து மூடினால் இரண்டு முறை சேதி வரும். "அண்ணா, சீட்டு ரெண்டு ரெண்டா வருதுண்ணா" என்று எடைமேடைத் தம்பி போன் செய்தான். இப்போது இன்க்ரான் ஓட்டும் ஸ்கிரிப்ட் முதல் வேலையாகக் கோப்பை வேறு கோப்புறைக்கு நகர்த்திவிடும். இரண்டாவது சேதி வந்து பார்த்தால் அங்கே எதுவும் இருக்காது. அச்செடுத்த கோப்பைப் பழைய இடத்திலேயே திரும்பச் சேமித்துவிடாதீர்கள். விடிய விடிய அச்சடித்துக்கொண்டே இருக்கும்.

என்னை அதிகம் படுத்தியது இரண்டாவது வருஷம். ஆபீஸில் யாரோ இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று சீட்டுக் கோப்புறையை அழித்து, அதே பெயரில் புதிதாகப் போட்டுவிட்டார்கள். பெயர் அதேதான், ஆனால் ஐநோட்டிஃபை பெயரைப் பிடித்துக்கொள்வதில்லை, ஐநோடை, அதாவது கோப்புறையின் உள் அடையாளப் பதிவைப் பிடித்துக்கொள்கிறது. இன்க்ரான் ஓடிக்கொண்டிருந்தது, பிழைச் செய்தி எதுவும் இல்லை, அரை நாள் சீட்டும் இல்லை. கரண்ட் போய் வந்தாலும் இப்படித்தான்: பார்க்காத நேரத்தில் நடந்ததை அது பிறகு சொல்லாது.

அதனால் சாதாரண கிரானையும் துணைக்கு வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடக்கும் சீட்டுகளை அது எடுத்து அதே ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும். வேகத்துக்கு இன்க்ரான், விட்டதைப் பொறுக்கக் கிரான்.

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யில், கோப்புறையைக் கவனிக்கும் பாத் யூனிட்டையும் வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். 'கோப்புறை காலியாக இல்லையென்றால்' என்று ஒரு நிபந்தனை உண்டு. பெட்டி எழும்போது ஏற்கெனவே கிடப்பதையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்தக் கோப்பு என்று சொல்லாது, பாதி எழுதிய கோப்புக்கும் கிளம்பிவிடும். நிரல் எழுதுபவர்கள் சேமித்ததும் சோதனை ஓட வேண்டும் என்றால் என்டர் (entr) என்ற சின்னக் கருவியே போதும். ஆலையில் இப்போதைக்கு இன்க்ரானும் கிரானும்தான். சீசன் நடுவில் மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை.