வாசனை சேர்க்காத பூனை மணல்: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஒன்றரை ஆண்டுகளாக மணல் தட்டைத் தவிர வேறெங்கும் சிறுநீர் கழிக்காத எங்கள் ஆண் பூனை, ஒருநாள் காலையில் குளியலறை வாசலில் கிடந்த கால்மிதியை நனைத்துவைத்தது. மறுநாளும் அதையே செய்தது. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து என்பதால் முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கல்லும் இல்லை, தொற்றும் இல்லை என்று தெரிந்த பிறகே மணலின்மீது சந்தேகம் விழுந்தது. அந்த வாரம்தான் லாவண்டர் வாசனை ஏற்றிய புது மணலுக்கு மாறியிருந்தோம். பூனை தட்டின் விளிம்பில் முன்னங்கால்களை மட்டும் வைத்து முகர்ந்து பார்த்து, ஒரு பாதத்தை உதறிவிட்டுத் திரும்பிப் போனதை நான் பார்த்திருந்தும், எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது வாங்குவது வாசனை எதுவும் சேர்க்காத பெண்டோனைட் களிமண் மணல். ஈரம் பட்டவுடன் இந்தக் களிமண் உப்பி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியான உருண்டையாகிவிடுவதால், அரிகரண்டி போன்ற கரண்டியால் அதை மட்டும் அள்ளி எடுத்துவிடலாம். மீதி மணல் உலர்ந்தே இருக்கும். ஆனால் தட்டில் 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் இருக்க வேண்டும். சிக்கனம் பார்த்துக் குறைவாகக் கொட்டிய வாரத்தில் உருண்டைகள் அடிப்பிடித்த சோறுபோல் தட்டோடு ஒட்டிக்கொண்டன, சுரண்டிச் சுரண்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

மணலை மாற்றிய மூன்றாம் நாள் பூனை தட்டுக்குத் திரும்பியது. முழுப் பெருமையையும் மணலுக்கே கொடுத்துவிட முடியாது. தட்டின் மூடியைக் கழற்றினோம். கால்மிதியைத் தூக்கி எறிந்தோம். பழைய வாடை தங்கினால் பூனை அதே இடத்தைத் தேடி வரும் என்பதால், அந்தத் தரையை நொதி கலந்த திரவத்தால் துடைத்தோம். ஃபினாயிலை அறவே நிறுத்தச் சொன்னார் மருத்துவர். அதில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க இயலாதாம்; தினமும் அதை ஊற்றித் தரை கழுவும் வீட்டில் இது பலருக்கும் தெரியாது.

குறைகளும் உண்டு. பையைக் கவிழ்க்கும்போது மெல்லிய புழுதி எழுகிறது. ஆஸ்துமா உள்ள என் தாயாரை அப்போது அடுத்த அறைக்கு அனுப்பிவிடுகிறேன். பாதத்தில் ஒட்டிய துகள்கள் கூடம்வரை வருவதால், தட்டின் முன் ஒரு பழைய கோணிச் சாக்கை விரித்திருக்கிறேன். உருண்டைகளைக் கழிப்பறையில் கொட்டவே கூடாது. குழாய்க்குள் உப்பி அடைத்துவிடும். மாடியேறிச் சுமக்க 10 கிலோ பை பெரும்பாடு என்பதால் 5 கிலோ பையாகவே வாங்குகிறேன். தினமும் இருமுறை அள்ளினால் ஒரு பூனைக்கு ஏறத்தாழ மூன்று வாரம் வருகிறது. மணலை நக்கிப் பார்க்கும் வயதிலுள்ள சிறு குட்டிகளுக்கு மட்டும் இதை வாங்க வேண்டாம். வயிற்றுக்குள் போனால் அங்கேயும் இது உப்பும்.