நடுவில் ஒற்றை வரியா, மூன்று பத்தியா?

டேட்டா சயின்ஸ் போஸ்டர் போட்டிக்கு முதல் முறை போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "எந்த லேஅவுட்ல போடறது சார்?"

பழைய முறை எல்லாருக்கும் பழக்கம். ஏ0 என்ற பெரிய தாளை நெடுக்காகப் பிரித்து மூன்று பத்தி: அறிமுகம், செய்த விதம், முடிவு. புதியது 2019இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் வீடியோ போட்டுப் பரப்பியது. கண்டுபிடித்ததை நடுவில் பெரிய எழுத்தில், பேச்சு நடையில் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். கூடவே கியூஆர் கோடு. மற்றதெல்லாம் ஓரப் பட்டைக்குப் போய்விடும்.

மாநாட்டுக்கு அது அருமையான யோசனை. வரிசையாகத் தொங்கும் போஸ்டர்களைப் பார்த்தபடி நடந்து போகிறவர் மனதில் ஒரு வரியாவது தங்கும். ஆனால் போட்டி நடுவர் அப்படிக் கடந்து போகிறவர் இல்லை. உங்கள் முன்னால் நின்றே ஆக வேண்டியவர்.

சென்னையில் ஒரு கல்லூரியில் பார்த்தேன். வேளச்சேரியில் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும் என்று கணிக்கும் மாடல், மாரிசன் பாணி போஸ்டர். நடுவர் கேட்டார்: "எந்த வருஷ மழையில பயிற்சி, எந்த வருஷ மழையில சோதனை?" சரியான கேள்வி. ஒரே மழையின் பதிவுகள் மாடல் கற்கும் பக்கமும் அதைச் சோதிக்கும் பக்கமும் கலந்துவிட்டால் மாடல் விடையைப் பார்த்துப் பரீட்சை எழுதிய மாதிரி. பதில் ஓரப் பட்டையில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் பெண் குனிந்து விரலால் தேடிக்கொண்டே இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துப் பையனுடையது மூன்று பத்தி. சின்ன அட்டவணை, முதல் வரியில் 'நேற்று தேங்கிய இடத்தில் இன்றும் தேங்கும்' என்ற எளிய ஊகத்தின் மதிப்பெண், அடுத்த வரியில் மாடலின் மதிப்பெண். எளிய ஊகத்தைவிட மாடல் மேலா என்று கேட்டதும் விரல் நேராக அங்கே போனது.

அதனால் போட்டிக்கு மூன்று பத்திதான். மாரிசனிடமிருந்து தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அல்காரிதத்தின், அதாவது கணிக்கப் பயன்படுத்திய முறையின், பெயரை எழுதாமல், என்ன தெரியவந்தது என்பதை எழுதுங்கள்.

மென்பொருளில் பெரிய சண்டை வேண்டாம். சமன்பாடு நிறைய இருந்தால் லேடெக்ஸ், இல்லையென்றால் பவர்பாயின்ட். பிரிண்டுக்கு மேட் பேப்பர் என் தேர்வு. ஃபிளெக்ஸ் மழையில் தாங்கும், ஆனால் டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளத்து கிராஃபை மறைக்கும்.

கடையில் கொடுக்கும் முன் ஏ4இல் ஒரு பிரதி எடுத்து, கண்ணிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்துப் படியுங்கள். ஏ0 அதைப் போல நான்கு மடங்கு அகலம். இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் நடுவருக்கு அதே அளவில்தான் தெரியும்.