இரண்டு நிற குரோஷே கைப்பை கிட்: நூலுக்கு நாலு ஸ்டார், டிசைன் சீட்டுக்கு ஒன்று

இதை எழுத மூன்று வாரம் ஆனது, ஏனென்றால் பையைப் பின்னி முடிக்காமல் ரிவியூ எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இந்த கிட்டின் விற்பனைப் பக்கத்தில் இருக்கிற ஐந்து ஸ்டார்களில் பாதி, 'பார்சல் சீக்கிரம் வந்தது, கலர் சூப்பர்' வகை. பெட்டியைத் திறந்த கையோடு போட்டவை. இந்த கிட்டைத் திறந்த அன்று நானும் ஐந்துதான் போட்டிருப்பேன்.

1,390 ரூபாய். ஆன்லைனில்தான் வாங்கினேன், கடையின் பெயர் இங்கே வேண்டாம், இதே மாதிரி கிட்டைப் பல பேர் விற்கிறார்கள், உள்ளே இருக்கும் சீட்டும் அநேகமாக ஒரே குடும்பம்தான் என்று சந்தேகம். பெட்டிக்குள் 25 கிராம் உருண்டைகளாக கருநீல நூல் ஆறு, வெள்ளை மூன்று, எட்டுப் பிரி பருத்தி. ரப்பர் பிடி போட்ட 4 மி.மீ. குரோஷே கொக்கி ஊசி ஒன்று, மழுங்கிய தையல் ஊசி ஒன்று, தையலில் அடையாளத்துக்கு மாட்டும் மார்க்கர் ஒன்று, காந்தப் பட்டன், தோல் மாதிரி ஒரு ஜோடி கைப்பிடி, அப்புறம் கட்டம் போட்ட டிசைன் சீட்டு. அட்டையில் 'மொச்சிலா பாணி' என்று போட்டிருந்தார்கள். கொலம்பியா, வெனிசுவேலா எல்லையில் குவாஹிரா தீபகற்பத்தில் இருக்கும் வையூ இனப் பெண்கள் பின்னும் பை அது. அதன் டிசைனை எடுத்துக்கொண்டு அவர்கள் பெயரை ஒரு ஓரத்தில்கூடப் போடவில்லை. சரி, அது தனிக் கதை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நூல் அருமை. முறுக்கு இறுக்கமாக இருக்கிறது, ஊசி முனையில் பிரி பிரியாகக் கிழிவதில்லை. கருநீலமும் வெள்ளையும் சேர்ந்தால் எனக்கு வரும் முதல் பயம் சாயம்தான், அதனால் ஆரம்பிக்கும் முன்பே உள்ளங்கை அளவுக்கு இரண்டு நிறத்திலும் ஒரு துண்டு பின்னி, வெள்ளைக் கைக்குட்டையோடு சேர்த்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் தெளிவாக இருந்தது, கைக்குட்டையிலும் ஒன்றும் இல்லை. இதை எந்த கிட் வாங்கினாலும் செய்யுங்கள், சிவப்பு, மெரூன் என்றால் கண்டிப்பாகச் செய்யுங்கள். மூன்று வாரம் பின்னிவிட்டு முதல் அலசலில் வெள்ளை ரோஸ் ஆனால் யாரிடம் போய் அழுவது?

ஊசியும் நல்ல ஊசி. அம்மா டிவி மேல் போட விரிப்பு பின்னிய அந்தப் பழைய எஃகு ஊசியில் அரை மணி நேரம் பின்னினாலே எனக்கு விரல் மரத்துப்போகும். இதில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடிந்தது.

இனி சீட்டு. முதல் வரியிலேயே 'டபுள் குரோஷே' என்று போட்டிருக்கிறார்கள். எந்த ஊர் டபுள்? பிரிட்டிஷ் முறையில் டபுள் என்றால் அமெரிக்க முறையில் அது சிங்கிள். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்களைத்தான் சொல்வோம், நானும் அப்படித்தான், அதனால் சீட்டை நம்பி உயரமான டபுளில் நாலு ரவுண்டு ஓட்டினேன். பை வலை மாதிரி தொளதொளவென்று வந்தது. இரண்டு நிறத்தை ஒன்றுக்குள் ஒன்று மறைத்துப் பின்னும் இந்த வேலைக்கு, டேபஸ்ட்ரி குரோஷே என்பார்களே, குட்டையான சிங்கிள்தான் வேண்டும். ஒரு சாயங்காலம் போனது. 'பிரிட்டிஷ் முறை' என்று இரண்டே சொல் சேர்த்திருந்தால் போதும்.

அதைவிடப் பெரிய கோளாறு அடிப்பாகத்தில். 30 செயின் (சங்கிலித் தையல்) போட்டு, அதைச் சுற்றி நீள்வட்டமாக 10 ரவுண்டு போகச் சொல்கிறது சீட்டு. முதல் ரவுண்டில் 60 தையல், பிறகு ரவுண்டுக்கு 6 கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தாவது ரவுண்டு முடியும்போது 114. டிசைன் கட்டமோ 12 தையல் அகலம், பத்து தடவை வர வேண்டும், அதாவது 120. ஆறு தையல் குறைகிறது, பாதி பூ போச்சு (கட்டத்தில் இருக்கும் டைமண்டைத்தான் பூ என்கிறேன்). நான் எண்ணிப் பார்க்காமல் டிசைனை ஆரம்பித்து, ஒரு சுற்று முடிந்து ஆரம்பித்த இடத்துக்கு வந்தபோது நீலம் வர வேண்டிய இடத்தில் வெள்ளை நிற்கிறது. என் தப்பு என்றே நினைத்து இரண்டு தடவை பிரித்தேன்.

கண்டுபிடித்தது அம்மா. அவருக்கு குரோஷேயில் டிசைன் சீட்டு எல்லாம் படிக்க வராது. ஆனால் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு வயர் கூடை போட்டுக் கொடுத்தவர், சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் பேசிக்கொண்டே போடுவார். எட்டிப் பார்த்துவிட்டு, "அடி எத்தனைன்னு எண்ணினியா? அடியில கணக்கு தப்புனா மேல எப்படிடி பூ விழும்" என்றார். எண்ணினேன். இன்னொரு ரவுண்டு, பதினொன்றாவது, போட்டதும் சரியாக 120 வந்தது. சின்னப் பை போதும் என்றால் ஒன்பதோடு நிறுத்துங்கள், 108 வரும், பூ ஒன்பது தடவை விழும். பத்தில் மட்டும் எப்படிப் போட்டாலும் விழாது. அந்தப் பத்தைத்தான் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சீட்டு எழுதியவர் இந்தப் பையை ஒரே ஒரு தடவை, வேண்டாம், அடிப்பாகத்தை மட்டுமாவது பின்னிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

அதற்கு மேல் வேலை சுகமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 120 தையல், 48 வரிசை, ஒரு வரிசைக்கு எனக்குப் பத்து பன்னிரண்டு நிமிடம். எந்த நிறம் வேண்டாமோ அதைத் தையலுக்குள் வைத்து மூடிக்கொண்டே போக வேண்டும். நிறம் மாற்றும்போது புது நிறத்தை அடுத்த தையலில் எடுக்கக் கூடாது, முந்தின தையலின் கடைசி இழுப்பிலேயே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பூவின் ஓரத்திலும் பாதி நீலம் பாதி வெள்ளையாக ஒரு தையல் பல்லைக் காட்டும். இந்த வேலைக்கே உயிர்நாடி இது, சீட்டில் ஒரு வரிகூட இல்லை. 'காணொளியைப் பார்க்கவும்' என்று ஒரு க்யூஆர் கோடு, ஸ்கேன் செய்தால் கடையின் முகப்புப் பக்கம் திறக்கிறது, வாங்க இன்னும் பத்து கிட் காட்டுகிறார்கள்.

உள்ளே ஓடும் நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள், ரொம்பவும் இழுத்தால் பை சுருங்கும், விட்டால் வெள்ளைத் தையலுக்குள்ளிருந்து நீலம் எட்டிப் பார்க்கும். எனக்கு முதல் ஏழெட்டு வரிசையில் எட்டிப் பார்க்கிறது. இனி அது அப்படித்தான்.

அட்டைப் படத்தில் டைமண்டுகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. நம்பாதீர்கள். சுற்றிச் சுற்றிப் பின்னும் சிங்கிள் குரோஷேயில் ஒவ்வொரு தையலும் கீழே இருக்கும் தையலுக்குச் சற்று வலது பக்கம் தள்ளித்தான் உட்காரும், வலது கைக்காரர்களுக்கு டிசைன் முழுக்க வலப்பக்கம் சாயும், இடது கைக்காரர்களுக்கு இடப்பக்கம். தையலின் நடு இடுக்கில், மேல் லூப்பில் அல்ல, ஊசியை விட்டுப் பின்னினால் சாய்வு குறையும், ஆனால் பருத்தி நூலில் அது மணிக்கட்டுக்கு வேலை, இரண்டு வரிசையோடு விட்டுவிட்டேன். என் டைமண்டுகள் காற்றில் சாய்ந்த பட்டம் மாதிரி இருக்கின்றன. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது, ஆனால் படத்தைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாந்துதான் போவார்.

வெள்ளை நூல் 44 வரிசை முடிந்ததும் தீர்ந்துவிட்டது. நாலு வரிசை பாக்கி. நீலத்திலோ மூன்று உருண்டை கிட்டத்தட்ட அப்படியே கிடக்கிறது. வெளியே தெரியும் தையலுக்கு மட்டும் கணக்குப் போட்டு, உள்ளே ஒளிந்து ஓடும் நூலை மறந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பையின் சுற்றளவு 60 செ.மீ., அதில் பாதி தூரம் வெள்ளை உள்ளே ஓடுகிறது என்று வைத்தால்கூட வரிசைக்கு 30 செ.மீ., 48 வரிசைக்கு 14 மீட்டருக்கு மேல். நான் அடிப்பாகத்திலும் வெள்ளையை உள்ளே வைத்துத்தான் பின்னினேன், அடி விறைப்பாக நிற்கும் என்று. அதில் ஐந்து மீட்டர் போயிருக்கும், அது என் கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். அதைக் கழித்தாலும் நூல் போதாது. கடைக்கு எழுதினேன். 'நூல் அளவு பின்னுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து மாறும் மேடம்' என்று ஒரு பதில், கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை. மாறும்தான், மறுக்கவில்லை. அதற்காகத்தான் ஓர் உருண்டை கூடுதலாக வைப்பார்கள்.

இங்கே மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஒரு நூல் கடையில் வெள்ளை வாங்கினேன், கடைக்குள் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது, வெயிலில் பார்த்தால் கிட்டில் வந்தது பால் வெள்ளை, இது நீலம் போட்டு அலசிய வெள்ளை. கடைசி நாலு வரிசை தானே, மேல் விளிம்பு, வேண்டுமென்றே செய்தது மாதிரி இருக்கிறது என்று என் தங்கை சொல்கிறாள். அவள் நல்லவள்.

கைப்பிடியைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. தோல் மாதிரி, தோல் இல்லை, தைக்க விட்ட ஓட்டைகள் நாலே நாலு, மடக்கினாலே வெள்ளைக் கோடு விழுகிறது. அதைத் தூக்கி வைத்துவிட்டு மிச்சம் கிடந்த நீலத்தில் நீளமாக ஒரு பட்டை பின்னினேன். அதுவும் தப்பு. குரோஷே பட்டை கனம் ஏற ஏற நீளும், தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் வைத்த மூன்றாம் நாள் பை இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கிவிட்டது. வையூ பெண்கள் பட்டையைத் தனியாக நெய்து இணைப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது பட்டைக்கு உள்பக்கம் காட்டன் நாடா வைத்துத் தைத்திருக்கிறேன், நிற்கிறது.

லைனிங் துணி கிட்டில் இல்லை, சீட்டில் பேச்சே இல்லை. ஆனால் லைனிங் இல்லாமல் இந்தப் பையை வெளியே எடுத்துப் போக முடியாது, பேனா முனை தையல் இடுக்கில் நுழைந்து வெளியே வந்துவிடும். அரை மீட்டர் டூ பை டூ காட்டன் துணி வாங்கி எங்கள் டெய்லர் அக்காவிடம் கொடுத்தேன். பையை உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு ஆச்சு மொத்தம்?" கிட், நூல், நாடா, துணி, தையல் கூலி எல்லாம் சேர்த்து 1,700-க்குக் கிட்ட என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

யார் வாங்கலாம் என்று கேட்டால், ஏற்கெனவே சிங்கிள் குரோஷே கை பழகியவர்கள், சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டுத் தானே கணக்குப் போட்டுக்கொள்பவர்கள் வாங்கலாம். முதல் முறை ஊசி பிடிக்கிற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள், பாவம், பத்தாவது ரவுண்டில் தன் கையைத்தான் சந்தேகப்படுவாள். கிட்டாக இல்லாமல் எட்டுப் பிரி நூல் இரண்டு நிறத்திலும் 150 கிராம் வீதம் தனியே வாங்கினால் கைப்பிடிக்கும் காந்தப் பட்டனுக்கும் தண்டம் கொடுக்க வேண்டாம், வெள்ளையும் மிஞ்சும். கட்டம் போட்ட நோட்டில் 12-க்கு 12 என்று எந்தப் பூவையும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். நான் அடுத்து மாக்கோலம் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன், பச்சையும் வெள்ளையும்.

அந்த ரப்பர் பிடி ஊசியை மட்டும் தனியாக விற்றால் சொல்லுங்கள், அம்மாவுக்கு ஒன்று வேண்டும். என்னுடையதை எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.