ஒரு லட்சம் ரூபாய்: காப்புரிமையில் போடலாமா, டெக் பங்கிலா?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துப் பட்டறை ஒன்றில், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் விரல் மாட்டாதபடி புதிதாக ஒரு தடுப்பு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. அதை வைத்துக் காப்புரிமை (நம் கண்டுபிடிப்பை மற்றவர் அனுமதியின்றிச் செய்து விற்கவிடாத பேட்டன்ட்) எடுத்து, தயாரிப்பாளருக்கு உரிமம் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாக வாங்கலாம். இல்லாவிட்டால் டெக் (தொழில்நுட்ப நிறுவன) பங்குகளில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

காப்புரிமைக்குக் கெடு உண்டு, பங்குக்குக் கிடையாது. மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. காப்புரிமையின் ஆயுளான 20 ஆண்டு, விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. கைக்கு வர நான்கு ஆண்டு பிடித்தால் மிஞ்சுவது 16தான்.

தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் 1,600 ரூபாய், பரிசீலனைக்கு 4,000. சென்னை கிண்டி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம்: 6ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800, 10 வரை 2,400, 15 வரை 4,800, 20 வரை 8,000. கடைசிவரை உயிரோடு வைத்திருக்க, விண்ணப்பமும் பரிசீலனையும் சேர்த்து மொத்தம் 82,400 ரூபாய். விண்ணப்பத்தை எழுதித் தரும் ஏஜென்ட் கூலி இதில் சேராது.

தடுப்பின் விலை 6,000, ராயல்டி 5 சதவீதம் என்றால் ஒன்றுக்கு 300 ரூபாய். அரசுக் கட்டணத்தை மீட்கவே 275 விற்றாக வேண்டும். நம் மாவட்டத்தை மட்டும் நம்பினால் போதாது, கேரளத் தோட்டக்காரர்களும் வாங்க வேண்டும். இந்தியா முழுக்கச் செல்லும் உரிமை என்பதால் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினாலும் பாதுகாப்பு உண்டு.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது முதல் படியிலேயே. விண்ணப்பிக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டால், மார்த்தாண்டத்தில் நாலு பேர் கூடுமிடத்தில் ஓட்டிக் காட்டினால், புதுமை போய்விட்டது என்று விண்ணப்பத்தை நிராகரிக்க அதுவே போதும். முதலில் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பின் ஆரம்ப விவரத்தைச் சொல்லித் தேதியைப் பிடித்துவைக்கும் விண்ணப்பம்) தாக்கல் செய்யுங்கள். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. விவரத்தை வெளியே சொல்லமாட்டோம் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்த 12 மாதத்தில் தயாரிப்பாளர்களைப் பாருங்கள். ஒருவர்கூடப் பணம் தர முன்வராவிட்டால் மேற்கொண்டு செலவழிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

உரிம ஒப்பந்தத்தில் எல்லோரும் சதவீதத்துக்குத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். அதைவிட முக்கியம், ஆண்டுக்குக் குறைந்தபட்ச ராயல்டி இவ்வளவு என்று எழுதுவது. அது இல்லாமல் ஒருவருக்கே முழு உரிமம் கொடுத்தால், அவர் ஒன்றுகூடச் செய்யாமல் கிடப்பில் போடலாம். விற்பனைக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் வேண்டும். எழுத்தில் இல்லாத உரிமம் செல்லாது. காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்யுங்கள்.

பங்குப் பக்கம் இத்தனை வேலை இல்லை. ஆனால் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பது உயிர்நாடி. 2000 மார்ச்சில், நெட்வொர்க் கருவி செய்யும் சிஸ்கோவின் பங்கை உச்சத்தில் வாங்கியவர்கள் அதே விலையை மறுபடி பார்க்க 2025 டிசம்பர் ஆகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 1999 உச்சத்தைத் தாண்டியது 2016இல். இரண்டுமே லாபம் ஈட்டிய நல்ல நிறுவனங்கள். கொடுத்த விலைதான் அதிகம். அதனால் ஒரே நாளில் ஒரு லட்சத்தையும் கொட்டாமல், குறியீட்டு ஃபண்டில் (ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) மாதாமாதம் ஒரே தொகையை எஸ்ஐபியாகப் போடுவது மேல். பங்கு சார்ந்த ஃபண்டாக இருந்து ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். விற்றால் சில நாளில் பணம் கைக்கு வரும். காப்புரிமைக்கு அப்படிச் சந்தை கிடையாது. கேமரா, ஃபிலிமுக்குப் பெயர்போன கோடாக் நிறுவனமே 200 கோடி டாலருக்கு மேல் போகும் என்று மதிப்பிடப்பட்ட காப்புரிமைகளைச் சுமார் 52 கோடி டாலருக்குத்தான் தள்ளிவிட முடிந்தது.

செல்போன் சிப் செய்யும் குவால்காம் காப்புரிமையால் கொழிக்கிறதே என்பார்கள். உண்மைதான், சிப் விற்பதைவிட உரிமத்தில் அதற்கு லாப விகிதம் மிக அதிகம். ஆனால் பழையது காலாவதியாகும் முன்பே புதியவற்றைப் பதிந்துகொண்டே இருக்கும் நிறுவனம் அது. பட்டறைக்காரரிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

ஆகவே தற்காலிக விண்ணப்பத்துக்கான தொகையை மட்டும் முதலில் எடுங்கள், மீதி ஃபண்டுக்குப் போகட்டும். உரிமம் வாங்க ஆள் கிடைத்தால் அடுத்த கட்டணங்களைக் கட்டலாம். புதுப்பிப்புக் கட்டணம் 800லிருந்து 2,400 ஆகும் 7ஆம் ஆண்டில் கணக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். வந்த ராயல்டி கட்டணத்தைக்கூடத் தாங்கவில்லை என்றால் காப்புரிமையைக் காலாவதியாக விட்டுவிடலாம்.